கூண்டைச் சுற்றி ஓடிய கம்பி

சாமி,

நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை உன் கோழிக்கூண்டைப் பார்த்தேன். நாலு பக்கமும் இரும்புக் கால் நட்டு, வலை அடித்து, மேலே தகரம் போட்டு, கல்யாண மண்டபத்துக்கு வைக்கிற மாதிரி ஒரு கேட்டும் வைத்திருக்கிறாய். கோழிகளுக்கு இவ்வளவு பெரிய கேட் எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. இரண்டாவது தடவை, மூலையில் வலைக்கு அடியில் ஏதோ தோண்டி வைத்திருந்த பள்ளத்தைப் பார்த்தேன். மூன்றாவது தடவை என் பேத்தியைப் பார்த்தேன். நீ பள்ளத்தைக் காட்டுவதிலேயே குறியாக இருந்ததால் அவள் ஓரத்தில்தான் தெரிகிறாள். வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, கூண்டைச் சுற்றியே நடை பழகுகிறாள்.

அந்த வலைக்கு ஒரு சாண் வெளியே கம்பி கட்டிக் கரண்ட் விடப்போவதாக வியாழக்கிழமை போனில் சொன்னாய். "ஒரு நாயி கிட்ட வராதும்மா. நம்மூட்லயே நீங்க உட்டிருந்தீங்கல்ல" என்றாய். நம் வீட்டில் மாரப்பன் செத்தது மறந்துபோயிற்றா என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அந்தாளு குடிச்சுப்போட்டு மோட்டார் ரூம்ல பீஸைப் புடுங்கப் போனான், செத்தான். அதுக்குக் கம்பி என்னம்மா பண்ணும்?" என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்தேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு முழுதாகக் கேட்கும் பொறுமை கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். நீ நாமக்கல்லில் ஹாஸ்டலில் இருந்து படித்த இரண்டு வருடம் வாரம் ஒரு கடிதம் போட்டேனே, அதற்குப் பிறகு இதுதான். அந்தக் கடிதங்களில் கன்று போட்டதையும் கொய்யா காய்த்ததையும் எழுதினேன். எழுத வேண்டியதை எழுதவில்லை. இதை உன் பெண்டாட்டியும் படிக்கட்டும். ஒளித்து வைக்கிற கடிதம் இல்லை இது. நம் சொந்தத்தில் யார் கேட்டாலும் கொடு, கேட்காதவர்களுக்கும் கொடு.

நீ ஹாஸ்டலுக்குப் போன சமயம் உன் அப்பா போர் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் கிடந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு நாள் தூங்குவார், போய்விடுவார். வீட்டில் நான், இரண்டு மாடு, நாற்பது சொச்சம் கோழி. வயலை உன் பெரியப்பா பார்த்துக்கொண்டார். கொல்லைப்புறம் மட்டும் என் ராஜ்ஜியம். கோழி வளர்ப்பது உன் அப்பாவுக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை, பொழுதுபோகாத பொம்பளைக்கு ஒரு வேலை என்று நினைத்தார். எனக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு கோழிக்கும் ஒரு குணம் இருந்தது, எது எங்கே முட்டை வைக்கும், எது எதோடு சண்டை போடும் என்று எனக்குத் தெரியும். பகல் முழுக்க அவற்றோடுதான் பேசிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் குழம்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவதற்காக அவற்றில் ஒன்றை நானே அறுப்பேன், அதையும் மறைக்கவில்லை.

முதலில் வந்தது பெருக்கான். பெருச்சாளியைத்தான் சொல்கிறேன், நீ இப்போது இருக்கிற உன் மாமனார் ஊரில் எப்படிச் சொல்வார்களோ தெரியவில்லை. அது வலைக்குப் பக்கத்தில் தோண்டாது. நாலடி தள்ளி எங்கேயாவது புல் மறைவில் ஆரம்பித்து, அடியிலேயே வந்து, கூண்டுக்கு நடுவில் தலையை நீட்டும். தோண்டிய இடத்தில் பொடி மண் குவியலாக இருக்கும். குஞ்சுகளை இழுத்துக்கொண்டு போய்விடும், ஒரு இறகுகூட மிஞ்சாது. கீரி வேறு மாதிரி. சின்னச் சந்து போதும் அதற்கு, கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். நீ வீடியோவில் காட்டிய பள்ளம் இரண்டுமே இல்லை. வாய் அகலமாக, மண் பின்னால் வாரி இறைத்துக் கிடக்கிறது. அது நாய். நாய்தான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அது பசிக்காக வருவதில்லை.

நம் பக்கம் நாய்கள் கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் ஓடை. பெரிய பண்ணைகளில் செத்துப்போகும் கோழிகளை யார் யாரோ மூட்டை கட்டிக் கொண்டுவந்து ஓடையில் கொட்டினார்கள். அதைத் தின்று ருசி கண்ட நாய்கள் பத்துப் பதினைந்து ஒன்றாகத் திரிந்தன. ஒரு நாள் காலையில் கதவைத் திறக்கிறேன், கூண்டுக்குள் பதினேழு கோழி கிடக்கிறது. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. கடித்துக் கடித்துப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். மூலையில் ஒரு கோழி குஞ்சுகளோடு இருந்தது, இறக்கையை விரித்தபடியே விறைத்துப்போயிருந்தது. அதைத் தூக்கியபோது அடியில் மூன்று குஞ்சு உயிரோடு இருந்தன. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் உனக்குத் தெரியும், உனக்கும் அதே கோபம்தான். வந்துவிட்டால் கண் மண் தெரியாது.

அன்றைக்கே மோட்டார் ரூமிலிருந்து லைன் இழுத்தேன். யாரும் செய்து கொடுக்கவில்லை, நானே செய்தேன். உன் அப்பா மோட்டார் ரிப்பேர் பார்க்கும்போது டார்ச் பிடித்துக்கொண்டு நின்று நின்று எனக்கு எல்லாம் பழக்கமாகியிருந்தது. ஒரு பேஸை மட்டும் எடுத்து, தனியாக ஒரு சுவிட்ச் வைத்து, கூண்டைச் சுற்றிக் குச்சி நட்டுக் கம்பி கட்டினேன். பொழுது சாயும்போது போடுவேன், காலையில் பால் கறக்கப் போகும்போது நிறுத்துவேன். முதல் வாரத்திலேயே இரண்டு நாய் செத்தது. கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போய் ஓடையில் தள்ளினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ லீவுக்கு வந்தபோது உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன் அல்லவா? நீயும் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "எங்கம்மா கரண்ட் உட்டு நாயைக் கொன்னு போட்டாங்க" என்று ஹாஸ்டலில் போய்ச் சொன்னாய். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். இது தப்பு, ஆளைக் கொன்றுவிடும், சட்டத்துக்கும் ஆகாது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. மாரப்பன் ஒருத்தர்தான் சொன்னார்.

அவரை உனக்குத் தெரியும், ஆனாலும் உன் பெண்டாட்டிக்குத் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். நம் வயலில் இருபது வருடம் வேலை செய்தவர். தண்ணீர் கட்டுவது, வேலி அடைப்பது, குழி தோண்டுவது எல்லாம் அவர்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை "மாரப்பா, வா, போ" என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னை "அம்மிணி" என்பார், வாங்க போங்க என்பார். அவருக்குக் காபி ஊற்றும் டம்ளர் வெளிச்சுவரில் தனியாகத் தொங்கியது. அதைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்தது இல்லை. இன்று இந்தக் கடிதத்தில் அவர் என்று எழுதுகிறேன், அவர் இருந்தபோது ஒரு தடவைகூட அது வாயில் வந்ததில்லை.

கம்பியைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு நின்றார். "இது வேண்டாங்க அம்மிணி" என்றார். "கரண்டுக்கு நாயின்னும் தெரியாது, மனுசன்னும் தெரியாதுங்க. ஒண்ணர அடிக்குக் குழி போட்டு வலையக் கீழ எறக்கிக் கல்லப் போட்டுக் கெட்டிச்சுட்டா ஒண்ணும் வராதுங்க. நாலு நாள் வேல. நான் செஞ்சு தாறன்."

"நீ உன் வேலையப் பாரு மாரப்பா" என்றேன்.

"செரிங்க" என்று போய்விட்டார்.

ஆனால் கரண்ட் நாயை நிறுத்தியதே தவிர பெருக்கானை நிறுத்தவில்லை. அது அடியில் வருகிறது, மேலே இருக்கிற கம்பி அதை என்ன செய்யும்? ஒரே வாரத்தில் ஒன்பது குஞ்சு போயிற்று. வேறு வழி இல்லாமல் மாரப்பனைக் கூப்பிட்டு, நீ சொன்ன மாதிரியே குழி போடு என்றேன். நான் சொன்னதுதானே சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர். இரண்டு நாள் தோண்டினார். இரண்டு பக்கம் முடிந்தது. முழுக்க முடிகிற வரைக்கும் கம்பியைக் கழற்ற வேண்டாம், நாய் வந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். காலையில் சுவிட்சை நிறுத்தியபிறகு தோண்டுவார், பொழுதோடு போவார், அதன்பிறகு நான் சுவிட்சைப் போடுவேன்.

மூன்றாம் நாள் காலை நான் எழுந்தபோது கரண்ட் இல்லை. மாட்டுக்கொட்டாய் லைட் எரியவில்லை, ஃபேன் நின்றிருந்தது. தினமும் பால் கறக்கப் போகும் வழியில் மோட்டார் ரூமுக்குள் கையை விட்டுச் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போவேன். அன்று நிறுத்தவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. கரண்டே இல்லை, அப்புறம் நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு. ஃபேன் சுவிட்சை, லைட் சுவிட்சை நாம் எல்லோரும் அப்படித்தானே விடுகிறோம்? கரண்ட் போனால் போட்டது போட்டபடி கிடக்கும், வந்ததும் தானாகச் சுற்றும். அந்தப் புத்தியைத்தான் கம்பி விஷயத்திலும் வைத்தேன்.

மாரப்பன் கடப்பாரையோடு வந்தார். நான் பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தேன், சொசைட்டியில் பால் ஊற்ற நேரமாகிவிட்டது. அவர் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, சுச்ச நிறுத்திட்டீங்களா?"

"ஆமா ஆமா, நிறுத்தியாச்சு. நீ தோண்டு" என்றேன்.

சாமி, இந்த இரண்டு வரியைத்தான் நான் பதினோரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பா கண்ணை மூடும் வரைக்கும் அவரிடம்கூடச் சொல்லவில்லை. மாரப்பன் கேட்டார். நான் நிறுத்தியாச்சு என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். மோட்டார் ரூம் பத்தடி தூரம். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அவரும் போய்ப் பார்த்திருக்கலாமே என்று நினைப்பாயோ என்னவோ. நம் மோட்டார் ரூமுக்குள் அவர் நுழைந்ததே கிடையாது. நான் சொன்னால் அவருக்கு அது போதும், மறுபடி கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர்.

மண் இறுகிக் கிடந்ததால் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டுத் தோண்ட ஆரம்பித்தார். நான் சொசைட்டிக்குப் போய் வந்தேன். அவர் மூன்றாவது பக்கத்தில் கொஞ்ச தூரம் தோண்டியிருந்தார். நான் சமையலறைக்குப் போனேன். அவருக்கும் எனக்கும் சேர்த்துத்தான் இட்லி ஊற்றினேன். அப்போது கரண்ட் வந்தது. அப்பாடா என்று சொல்லிக்கொண்டு மிக்ஸியில் சட்னி அரைத்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். கரண்ட் வந்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. மிக்ஸி ஓடிய சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. நிறுத்தியபிறகுதான் கோழிகள் கத்துவது கேட்டது. மறுபடி நாய் வந்துவிட்டது என்று நினைத்துத் தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் குழிக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகக் கிடந்தார். கடப்பாரை கம்பிமேல் சாய்ந்திருந்தது. நான் மோட்டார் ரூமுக்கு ஓடினேன். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அதை நிறுத்திய என் கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

என் சத்தம் கேட்டு உன் பெரியப்பா முதலில் வந்தார். இரண்டு பேருமாக மாரப்பனை நிழலுக்குத் தூக்கி வந்து மோட்டார் ரூம் வாசலில் படுக்கவைத்தோம். நெஞ்சைத் தடவினோம், தண்ணீர் தெளித்தோம். ஒன்றும் இல்லை. "என்னாச்சு, எப்படி ஆச்சு?" என்று பெரியப்பா கேட்டார். என் வாயில் வந்தது இதுதான்: "பீஸ் போடப் போனானுங்க." யோசித்துச் சொல்லவில்லை. கிடந்த இடம் மோட்டார் ரூம் வாசல், கரண்ட் வேறு அப்போதுதான் வந்திருந்தது, வாய் தானாக ஒரு கதையைச் சொல்லிவிட்டது. பெரியப்பா என்னையே பார்த்தார். பிறகு கூண்டுப் பக்கம் போய், கம்பியைச் சுருட்டி, குச்சிகளைப் பிடுங்கி வைக்கோல் போருக்கு அடியில் திணித்துவிட்டு வந்தார். வந்தவர்கள் எல்லோரும் பார்த்தது மோட்டார் ரூம் வாசலைத்தான். போலீஸ் காகிதத்திலும் அதுவே ஏறியது. பெரியப்பா சொல்லி விஷயம் தெரிந்த உன் அப்பா போனில், "ஆனது ஆச்சு. புள்ள படிக்கறான். நீ வாயத் தொறக்காத" என்றார். உன்மேல் பழியைப் போடவில்லை. நீ இல்லாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

குடித்திருந்தார் என்பது நான் சொன்னது இல்லை. எடுத்துப் போகிற அன்று கூட்டத்தில் யாரோ, "ராத்திரி ஊத்தியிருப்பான், அந்த மப்புல கைய வெச்சிருப்பான்" என்றார்கள். அவர் செத்த அன்று காலையில் குடித்தது நான் வெளிச்சுவர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்த காபி. இல்லை, அவர் குடிக்கவில்லை என்று சொல்ல ஒரு வாய் போதும், எனக்கு அந்த வாய் இல்லாமல் போயிற்று. அப்படியே அது ஊர்ப் பேச்சாகி, ஹாஸ்டலிலிருந்து வந்த உன் காதிலும் விழுந்து, வியாழக்கிழமை உன் வாயிலிருந்து சிரிப்போடு திரும்பி வந்தது. நான் சொன்ன பொய்யைவிட நீ சொன்னது பெரியதாக இருந்தது. அதையும் நான்தான் வளர்த்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு மீதிக் குழியை நானே தோண்டினேன். அதே கடப்பாரை. வேறு ஆளைக் கூப்பிட மனசு வரவில்லை, கூப்பிட்டாலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள். அவர் எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன், கவனமாகப் படி. கூண்டைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடு. அரை அங்குலக் கண் உள்ள வலையாக வாங்கு, பெரிய கண்ணில் பெருக்கான் குட்டி நுழையும். அந்த வலையை மேல் வலையோடு கட்டுக்கம்பி போட்டுப் பிணைத்துக் குழிக்குள் இறக்கு. அடியில் போய் நிறுத்திவிடாதே, வெளிப்பக்கமாக ஓரடி மடக்கிப் படுக்கவிடு. நாய் வலை ஓரத்தை ஒட்டியேதான் தோண்டும். அடியில் வலை தட்டுப்பட்டால் ஓரடி பின்னால் நகர்ந்து தோண்ட அதற்குத் தெரியாது. தூரத்திலிருந்து வளை போட்டு வருகிற பெருக்கானும் அந்த மடிப்பில் முட்டிக்கொள்ளும். அதற்குமேல் கருங்கல்லும் உடைந்த ஓடும் போட்டு, மண்ணைத் தள்ளி, தண்ணீர் விட்டு, ஏறி மிதித்துக் கெட்டிக்க வேண்டும். உன் கல்யாண மண்டப கேட்டுக்கு அடியில்தான் சந்து அதிகம், அங்கே ஒரு பலகைக்கல்லைப் படுக்கவை. பொழுது சாய்வதற்குள் கோழிகளை அடை. தீவனம் சிந்திக் கிடக்க விடாதே, பெருக்கானுக்கு அதுதான் அழைப்பு. சாயங்காலம் சுற்றிலும் சாம்பல் தூவிவைத்தால் காலையில் எது வந்தது, எந்தப் பக்கம் வந்தது என்று கால்தடம் சொல்லும். நாலு நாள் வேலை. முதுகு வலிக்கும். வலிக்கட்டும்.

நான் தோண்டி முடித்ததிலிருந்து இன்று வரைக்கும் அந்தக் கூண்டிலிருந்து ஒரு குஞ்சுகூடப் பறிபோகவில்லை. ஓடையில் நாய்கள் இன்னும் இருக்கின்றன. வந்து முகர்ந்து, பிறாண்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன. ஒவ்வொரு தடவையும் பிறாண்டிய இடத்தைப் பார்க்கும்போது, முதல் நாளே அவர் பேச்சைக் கேட்டிருந்தால் என்றுதான் தோன்றும். "உன் வேலையப் பாரு மாரப்பா" என்று நான் சொன்னது காதில் கேட்கும். கரண்ட் இல்லாமலே முடிகிற காரியம் அது, சாமி. ஒரு மனிதரின் பேச்சுக்குக் காது கொடுத்திருந்தால் போதும்.

இனி நீ செய்ய வேண்டியது. கம்பி வாங்கி வைத்திருந்தால் கொடியாகக் கட்டித் துணி காயப்போடு. ஏற்கெனவே கட்டியிருந்தால் இந்த வரியைப் படித்த இடத்திலேயே கடிதத்தை வைத்துவிட்டுப் போய்க் கழற்றிவிட்டு வந்து மீதியைப் படி. நான் ஜாக்கிரதையாக இருப்பேன், டைமர் வைப்பேன், சின்ன கரண்ட்தான் என்றெல்லாம் எனக்குச் சொல்லாதே. நானும் ஜாக்கிரதையானவள்தான், கேட்டுப்பார், ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம், மாரப்பனைக் குடிகாரன் என்று நீ யார் யாரிடம் சொன்னாயோ, உன் மாமனார், உன் கூட வேலை பார்த்தவர்கள், எல்லோரிடமும் திருத்திச் சொல். எங்கம்மா பொய் சொல்லிவிட்டாள் என்று சொல், எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவன் இவன் என்று இனிமேல் பேசாதே.

அவர் சம்சாரம் பாப்பாத்தியை நீ மறந்திருக்க மாட்டாய். அவர் போனபிறகு நம் வயல் பக்கம் அவள் வரவில்லை. குமாரபாளையத்தில் ஒரு தறிக்குடோனில் நூல் தார் சுற்றுகிறாள், காலையில் பஸ் ஏறினால் பொழுதோடுதான் வருவாள். வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்ளா" என்று கேட்பாள், நான் தலையை ஆட்டுவேன். அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்த அவள் மகன் இப்போது பெரிய பையனாகி ஓசூரில் வேலைக்குப் போகிறான். நேற்று ஞாயிற்றுக்கிழமை, தறி லீவு. நான் அவள் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. முட்டிவலியோடு நடந்தே போனேன், யாரையும் வண்டியில் விடச் சொல்லவில்லை.

அவள் என்னைப் பார்த்துப் பதறிப்போய் உள்ளிருந்து பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவந்து போட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். சுற்றி வளைக்கவில்லை. கம்பியைச் சொன்னேன், கரண்ட் போனதைச் சொன்னேன், அவர் கேட்டதையும் நான் பதில் சொன்னதையும் சொன்னேன், பீஸ் கதை என் வாயில் பிறந்தது என்றும் சொன்னேன். ஸ்டேஷனுக்கு வந்து சொல்லச் சொன்னாலும் வருகிறேன் என்றேன். அவள் அப்படிக் கேட்டால் நான் போவேன், நீ குறுக்கே வரக் கூடாது.

அவள் நின்றுகொண்டேதான் கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. "அவரு கேட்டாருங்களா?" என்றாள்.

"கேட்டாரு."

"என்ன கேட்டாரு? அப்படியே சொல்லுங்க."

"ஏனுங் அம்மிணி, சுச்ச நிறுத்திட்டீங்களான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

முதலில் சொன்னதையே மறுபடி சொல்லவைத்தாள். சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"பதினோரு வருசமா அந்த மனுசன நான் திட்டிட்டு இருக்கறனுங்க" என்றாள். "அமாவாசைக்கு அமாவாசை சோத்தப் போட்டு வெச்சுட்டுத் திட்டுவேன். தெரியாத வேலைல எதுக்குய்யா கைய வெச்ச, சின்னப்புள்ளயக் கையில குடுத்துட்டு இப்படிப் போயிட்டியேன்னு. எம் பையனுக்கும் அப்படியே சொல்லித்தான் வளத்துனேன். உங்கப்பனாட்டம் புத்தி இல்லாம இருக்காதன்னு. அவரு கேட்டுட்டுத்தான் தோண்டியிருக்கறாரு. கேட்டுட்டுத்தான் தோண்டியிருக்கறாரு."

நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

"எந்திரிங்க" என்றாள். எழுந்தேன். நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தாள். "பையன் பொங்கலுக்கு வாரான். அவங்கிட்டயும் நீங்களே வந்து சொல்லோணும்" என்றாள். சரி என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

உடனே நடக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது, அதனால் சுவரோரமாக நின்றேன். உள்ளே அவள் குரல் கேட்டது. "ஏனுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ஏனுங்க, நாந் தெரியாமத் திட்டிட்டனுங்க" என்றாள். வீட்டுக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை.

உன் அம்மா